கரந்துவரல் எழினியும் எங்கள் மேற்கு ஜன்னலும்

போன மாசிக் கடைசியில் மகள் பெங்களூருவிலிருந்து ஐந்து படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். "அப்பா, அஞ்சுல ஒண்ணு செலக்ட் பண்ணுங்க. எல்லாமே ரோமன் ஷேட்தான். ஸ்டைல் மட்டும் வேற வேற" என்று கீழே ஒரு வரி. ஐந்தும் ஜன்னலுக்குப் போடும் துணித் திரைகள். பக்கவாட்டில் ஒதுக்குவதற்குப் பதிலாகக் கீழிருந்து மேலாக மடிந்து ஏறுகிற வகை.

திரை வேண்டும் என்று கேட்டது நான்தான். மனைவிக்குக் கண்புரை அறுவை முடிந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. எங்கள் படுக்கையறை ஜன்னல் மேற்குப் பார்த்தது. பகல் மூன்று மணிக்கு மேல் சமயபுரத்து வெயில் அந்தக் கண்ணாடி வழியாக நேரே கட்டிலில் வந்து விழும். அவள் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருப்பதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பழைய வேட்டி ஒன்றைக் கட்டிப் பார்த்தேன். வெளிச்சம் கொஞ்சம் குறைந்தது, சூடு குறையவே இல்லை.

ஓய்வு பெற்றவனிடம் ஐந்து படங்களைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் அவன் சும்மா தேர்ந்தெடுப்பானா? இந்தத் திரை எங்கிருந்து வந்தது, இதற்கு ஏன் ரோம் நகரத்தின் பெயர், நம் ஊரில் இதற்கு முன் என்ன இருந்தது என்று தோண்ட ஆரம்பித்தேன். தோண்டியதில் கிடைத்ததையும், கடைசியில் நான் எடுத்த முடிவையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஜன்னல். இந்தச் சொல்லே நம்முடையது இல்லை. போர்ச்சுக்கீசியர் கப்பலில் வந்து இறங்கிய 'ஜனேலா' நம் வாயில் ஜன்னல் ஆனது. ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளில் 'காமிரா உள்' என்று ஒரு அறையைச் சொல்வார்களே, அந்தக் காமிராவும் அதே கப்பலில் வந்ததுதான். அதற்கு முன் நம்மிடம் ஜன்னல் இல்லாமல் இல்லை. பலகணி என்றார்கள். பல கண்கள் உடையது, அதாவது துளைத் துளையாக இருப்பது. இன்னும் பழைய சொல் காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று வருகிற வழி. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்து மாளிகைகளின் காலதர்கள் மானின் கண் போல இருந்ததாக வருகிறது.

இந்தச் சொற்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். காற்று வர வேண்டும், பல சிறு கண்களாக இருக்க வேண்டும். பெரிய திறப்பாக வைத்து வெளிச்சத்தைக் கொட்டவிட வேண்டும் என்ற எண்ணம் அவற்றில் இல்லை. வெயில் ஊரில் வாழ்ந்தவர்கள் வைத்த பெயர்கள் அவை.

அடுத்தது திரை. அதே சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதை என்று ஒரு பகுதி உண்டு. மாதவி முதன்முதலாக மேடையேறும் நாள். மேடை ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று தச்சரிடம் கொடுக்கிற கணக்குப் போல அளவு சொல்கிறார் இளங்கோவடிகள். தூண்களின் நிழல் ஆடுகிற இடத்தில் விழாதபடி விளக்கு வைத்ததையும் விடவில்லை. பிறகு மூன்று வகைத் திரைகளைச் சொல்கிறார். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி.

எழினி என்றால் திரைச்சீலை. உரைகாரர்கள் விளக்கம் தருகிறார்கள். ஒரு பக்கத்துத் தூணிலிருந்து உருவி இழுப்பது ஒருமுக எழினி. இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து நடுவில் சந்திப்பது பொருமுக எழினி. மேற்கட்டில் மறைந்திருந்து கீழே இறங்குவது கரந்துவரல் எழினி. கரந்து என்றால் ஒளிந்து.

இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்றைக்கு எந்தத் திரைச்சீலைக் கடைக்குப் போனாலும் இந்த மூன்றுதான். சன்னதியில் நைவேத்தியத்தின்போது ஒரு ஓரத்திலிருந்து இழுத்து மூடுகிறார்களே, அது ஒருமுகம். கூடத்து ஜன்னலில் இரண்டு பாதியாகத் தொங்குவது பொருமுகம். மகள் அனுப்பிய ரோமன் ஷேட் ஐந்தும் மேலே மடிந்து ஒளிந்திருந்து கீழே இறங்குபவை. எல்லாமே கரந்துவரல் எழினியின் உறவினர்கள்.

அப்படியானால் ரோம் எங்கே வந்தது? ரோமானியர்கள் ஜன்னலில் ஈரத்துணி தொங்கவிட்டதிலிருந்து இந்தப் பெயர் வந்தது என்று விற்பவர்கள் ஒரு கதை சொல்வார்கள். கதை இருக்கட்டும். வெயிலை மறைக்க ரோமானியர்கள் செய்த பெரிய காரியம் ஒன்று வரலாற்றில் நன்றாகப் பதிந்திருக்கிறது. அவர்களுடைய அரங்கங்களுக்கு மேலே இழுத்துக் கட்டிய துணிப்பந்தல். அதற்கு வேலேரியம் என்று பெயர்.

கி.பி. 80இல் திறக்கப்பட்ட கொலோசியத்தின் உச்சியில், கம்பங்களை நட்டு நிறுத்துவதற்காக 240 கல் தாங்கிகளைச் சுற்றிலும் வைத்திருந்தார்கள். அந்தக் கம்பங்களிலிருந்து கயிறுகளைக் கட்டி அதன்மேல் துணியை ஓட்டினார்கள். அதை இழுக்கவும் சுருட்டவும் சாதாரண வேலையாட்களால் முடியாது. காற்றில் பாய்மரத் துணியைக் கையாளத் தெரிந்தவர்கள் வேண்டும். அதற்காக மிசேனம் துறைமுகத்துக் கடற்படை மாலுமிகளைக் கொண்டுவந்து அரங்கத்துக்குப் பக்கத்திலேயே தங்கவைத்தார்கள். பாம்பேய் நகரத்துச் சுவர்களில் எழுதிய விளையாட்டு விளம்பரங்களில், பந்தல் உண்டு என்பதையும் சேர்த்து எழுதினார்கள். நம் ஊர்க் கொட்டகைகள் 'குளிர்சாதன வசதி உண்டு' என்று போஸ்டர் ஒட்டிய மாதிரி. லுக்ரீசியஸ் என்ற கவிஞர், மஞ்சளும் சிவப்புமாக மேலே கட்டிய துணிகளின் நிறம் கீழே உட்கார்ந்திருப்பவர்கள்மேல் விழுந்து அசைவதைக் குறித்து வைத்திருக்கிறார். நிறத்துணியைத் திரையாகப் போட்டால் அறை முழுக்க அந்த நிறம் ஏறும் என்பது இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே கவனித்த விஷயம்.

காலிகுலா என்ற சக்கரவர்த்தி செய்ததை சூட்டோனியஸ் எழுதியிருக்கிறார். வெயில் உச்சத்தில் இருக்கும்போது பந்தலைச் சுருட்டச் சொல்லிவிட்டு, யாரும் எழுந்து போகக் கூடாது என்று உத்தரவு போடுவானாம். நிழல் என்பது கயிற்றைப் பிடித்திருப்பவன் கையில் இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தக் கயிறு பின்னாலும் வரப்போகிறது, நினைவில் வையுங்கள்.

ரோமுக்கும் திருச்சிக்கும் துணி வழியாக ஒரு பழைய உறவு உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய 'பெரிப்ளஸ்' என்ற கடல்வழிக் குறிப்பில் அர்கரு என்ற உள்நாட்டு ஊரும், அங்கிருந்து வந்த மெல்லிய துணியும் வருகின்றன. அந்த அர்கரு நம் உறையூர்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. 1960களில் சென்னைப் பல்கலைக்கழகத்தார் உறையூரில் தோண்டியபோது செங்கல் கட்டிய சாயத்தொட்டி ஒன்று வெளிப்பட்டது. எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடுகிற உறையூர், ஒரு காலத்தில் யவனர்களுக்குத் துணி அனுப்பியது. இன்று நான் ரோமன் ஷேடுக்குத் துணி தேடுகிறேன்.

இனி நம் ஊர் வீட்டுக்கு வருவோம். ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதி, உத்திர வீதி வீடுகளை உள்ளே போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கொல்லை என்று ரயில் பெட்டி மாதிரி நீண்டு போகும். இரு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். பக்கவாட்டில் ஜன்னலுக்கு இடமே கிடையாது. வெளிச்சம் முற்றத்திலிருந்து வரும். வெயில் நேராக விழுவது முற்றத்துத் தரையில். அது கூடத்துக்கு வருவதற்குள் தாழ்வாரத்து ஓட்டில் தட்டி, தரையில் பட்டு, பாதி சாதுவாகிவிடும். வாசல் பக்கம் திண்ணையில் மூங்கில் தட்டி தொங்கும். கோடையில் சாக்குப் படுதாவை நனைத்து விடுவார்கள்.

தெருவைப் பார்த்து ஜன்னல் இருந்தால் அது நான்கு கதவு ஜன்னலாக இருக்கும். மேலே இரண்டு, கீழே இரண்டு மரக்கதவு, நடுவில் இரும்புக் கம்பி. கீழ்க் கதவுகளைச் சாத்தி மேல் கதவுகளைத் திறந்தால் தெருவில் போகிறவர் கண் உள்ளே வராது, காற்றும் வெளிச்சமும் வரும். மத்தியானம் நான்கையும் சாத்தி ஒரு விரற்கடை இடைவெளி விட்டால் போதும். பிற்காலத்தில் கீழ்ப்பாதிக்கு மட்டும் ஒரு ஸ்பிரிங் கம்பியில் திரை கோத்து இரண்டு கொக்கியில் மாட்டினார்கள். அம்மாவின் பழைய வாயில் புடவையில் அப்படி ஒரு திரை எங்கள் வீட்டிலும் இருந்தது. அந்த ஸ்பிரிங் தொய்ந்து நடுவில் தொங்கும். அதைக் கழற்றிக் கொஞ்சம் வெட்டி மறுபடி மாட்டுவது அப்பாவின் ஞாயிற்றுக்கிழமை வேலைகளில் ஒன்று.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த வீடுகளில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பொருள் இருந்தது. சூட்டைத் தடுக்க வெளியே தட்டி. வெளிச்சத்தைக் குறைக்க மரக்கதவு. அந்நியர் கண்ணைத் தடுக்கப் பாதித் திரை. காற்றுக்கு மேல் கதவு. ஒரே துணி எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

திருச்சி வெயில் விளையாட்டு இல்லை. கல்கத்தா பிஷப்பாக இருந்த ரெஜினால்ட் ஹீபர் இங்கே வந்தபோது, 1826 ஏப்ரல் 3ஆம் தேதி காலை வழிபாடுகளை முடித்துவிட்டு, தங்கியிருந்த வீட்டில் குளிக்கப் போனவர் தண்ணீரிலேயே இறந்து கிடந்தார். வெயிலில் களைத்த உடம்போடு குளிர்ந்த நீரில் இறங்கியதுதான் காரணம் என்று அப்போதே கருதினார்கள். அவர் பெயரில்தான் இங்கே பிஷப் ஹீபர் கல்லூரி இருக்கிறது. நம் சமயபுரத்தாளே மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் பச்சைப்பட்டினி விரதம் இருக்கிறாள். அந்த நாட்களில் அவளுக்குத் தளிகை கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் இவைதான் நைவேத்தியம். எல்லாமே வெயில் காலத்தில் வயிறு கேட்கிற பொருட்கள்.

வெள்ளைக்காரர்கள் இந்த வெயிலைச் சமாளிக்க நம்முடைய தட்டியையே எடுத்துக்கொண்டார்கள். வெட்டிவேர்த் தட்டி. வெட்டிவேர் என்ற தமிழ்ச் சொல் பிரெஞ்சுக்குப் போய், ஆங்கிலத்துக்கும் போய்விட்டது. தட்டி என்ற சொல்லையும் அவர்கள் அகராதியில் சேர்த்தார்கள். மேல்காற்று வருகிற வாசலிலும் ஜன்னலிலும் இந்தத் தட்டியைப் பொருத்தி விடாமல் தண்ணீர் தெளித்தால், வறண்ட காற்று ஈரவேர் வழியாக நுழையும்போது தண்ணீர் ஆவியாகி, காற்று குளிர்ந்து மணத்தோடு உள்ளே வரும். ஏர்கூலர் என்று இன்று வாங்குகிறோமே, அதன் தத்துவம் இதுதான். காற்று வறண்டு இருக்க வேண்டும். புழுக்கம் அதிகமான கடற்கரை ஊரில் இது அவ்வளவாக எடுபடாது. திருச்சிக்குப் பொருந்தும்.

ஆனால் அந்தத் தட்டிக்குத் தண்ணீர் தெளிக்க வெளியே வெயிலில் ஒரு ஆள் நிற்க வேண்டும். உள்ளே உத்தரத்தில் தொங்கும் பங்காத் துணியை ஆட்ட, வெளித் தாழ்வாரத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இன்னொரு ஆள் இராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும். பங்கா இழுப்பவர் கண்ணயர்ந்ததற்காகத் துரையிடம் உதைபட்டு இறந்துபோன வழக்குகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவின் பல இடங்களில் நடந்திருக்கின்றன. ரோமில் மாலுமி, இங்கே பங்கா இழுப்பவர். நிழலையும் காற்றையும் அனுபவித்தவர்கள் பெயர் நமக்குத் தெரியும். கயிற்றின் மறுமுனையில் இருந்தவர் பெயர் எங்கேயும் இல்லை.

மின்விசிறி வந்தது, பங்கா போயிற்று. பிறகு கண்ணாடி வந்தது. மரக்கதவு போய் அலுமினியச் சட்டத்தில் இழுக்கிற கண்ணாடி. நானும் வீடு கட்டும்போது பெருமையாக அதைத்தான் போட்டேன். ஐந்தடிக்கு நாலடி. எங்கள் வீட்டில் நான் செய்த பெரிய தவறு அது.

ஏன் என்று சொல்கிறேன். திருச்சியில் சித்திரை முதல் வாரத்தில் நண்பகல் சூரியன் அநேகமாகத் தலைக்கு நேர் மேலே வந்துவிடும். நம் நிழல் காலடியிலேயே கிடக்கும். அந்த வெயிலை மொட்டைமாடி வாங்கிக்கொள்ளும், ஜன்னலுக்குத் தொந்தரவு இல்லை. தெற்கு ஜன்னலுக்கு இரண்டடி சன்ஷேடு போட்டால் வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் தப்பித்துவிடலாம். மேற்கு ஜன்னலில் அந்தக் கணக்கு செல்லாது. மூன்று மணிக்கு மேல் சூரியன் தாழ இறங்கி, சன்ஷேடுக்குக் கீழே புகுந்து நேர் எதிரே நின்றுகொள்கிறது. அதை மறைக்க நிமிர்ந்து நிற்கிற மறைப்புதான் வேண்டும்.

அந்த மறைப்பைக் கண்ணாடிக்கு உள்ளே போடுவதா, வெளியே போடுவதா என்பதில்தான் விஷயமே இருக்கிறது. வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்டால் சூடும் உள்ளே வந்துவிட்டது என்று பொருள். திரைத்துணி அதை வாங்கிச் சூடாகி அறைக்குள்ளேயே விடும். அந்தச் சூடு கண்ணாடி வழியாக எளிதில் திரும்பிப் போகாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் ஏறிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திரைக்குப் பின்னால் வெள்ளை லைனிங் கொடுத்தால் கொஞ்சம் வெளிச்சம் திரும்பிப் போகும், அவ்வளவுதான். கண்ணாடிக்கு வெளியே ஒரு தட்டி தொங்கினால் அந்தச் சூடு வெளியிலேயே நின்றுவிடும். நான் கட்டிய வேட்டி ஏன் தோற்றது என்று இப்போது புரிந்தது. திண்ணையில் தட்டி தொங்கவிட்டவர்களுக்கு இது பாடமாகத் தெரியாது, பழக்கமாகத் தெரிந்திருந்தது.

இவ்வளவும் தெரிந்த பிறகு மகள் அனுப்பிய ஐந்து படங்களுக்குத் திரும்பினேன்.

ரோமன் ஷேட் எல்லாவற்றுக்கும் அமைப்பு ஒன்றுதான். மேலே ஒரு கட்டை. அதிலிருந்து துணி. துணியின் பின்பக்கம் வரிசை வரிசையாகச் சிறு வளையங்கள். அவற்றின் வழியே கயிறுகள். இழுத்தால் துணி மடிந்து மடிந்து மேலே போகும். முதலாவது பிளாட். இறக்கினால் ஒரே தகடு போல நிற்கும், துணியும் குறைவு, தூசி தட்டவும் எளிது. இரண்டாவது ஹாபில்டு. இறக்கிய நிலையிலும் அலை அலையாக மடிப்பு நிற்கும். பார்க்க அழகு. துணி அதிகம் பிடிக்கும், ஒவ்வொரு மடிப்பும் தூசிக்கு ஒரு பரண். மூன்றாவது ரிலாக்ஸ்டு. அடி ஓரம் நடுவில் தொய்ந்து தூளி மாதிரி வளைந்திருக்கும். நாலாவது பலூன். கீழே உப்பலாக, நாடக மேடைத் திரை போல. ஐந்தாவது மூங்கில் குச்சியில் நெய்தது. நம் தட்டிதான், ரோமன் பெயரில் விலை கூடி வந்திருக்கிறது.

ஐந்துக்கும் பொதுவான இரண்டு குறை. முழுக்க ஏற்றினாலும் மடிப்பு ஒரு சாண் உயரத்துக்கு மேலே தேங்கி நிற்கும். ஜன்னலுக்கு மேலே சுவரில் தள்ளி மாட்டாவிட்டால் காற்று வருகிற வழியில் அந்தச் சாண் போய்விடும். இரண்டாவது, ஆடிக் காற்றில் ஜன்னலைத் திறந்து வைத்தால் அடிக்கட்டை டக் டக்கென்று சுவரில் அடிக்கும்.

சரி, பிளாட் போதும் என்று முடிவு செய்து, திருச்சியில் ஒரு தையல்காரரிடம் வெள்ளை லைனிங்கோடு ஒன்று மாதிரிக்குத் தைத்து வாங்கி நானே மாட்டினேன். பங்குனியில் மகள் குடும்பத்தோடு வந்தாள். பேத்திக்கு மூன்று வயது.

ஒரு சாயங்காலம். பாதயாத்திரை வருகிறவர்கள் மஞ்சள் துணியும் வேப்பிலையுமாகத் தெருவில் போய்க்கொண்டிருந்தார்கள். பம்பைச் சத்தம் கேட்டதும் பேத்தி கட்டில்மேல் ஏறி, திரைக்குப் பின்னால் புகுந்து, கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். "ஏங்க, இங்க வாங்க" என்று மனைவி கூப்பிட்ட குரல் வழக்கமான குரலாக இல்லை.

ஓடினேன். திரையின் பின்பக்கம் வளையங்களுக்கு நடுவில் போகிற கயிற்றைக் குழந்தை வெளியே இழுத்து, மாலை போலக் கழுத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். "பாட்டி, சாமி மாலை" என்று காட்டுகிறாள். நிற்பது கட்டிலின் விளிம்பில். மனைவி ஒரு கையால் அவளை இடுப்போடு அணைத்துக்கொண்டு, மறுகையால் கயிற்றைத் தலைக்கு மேலே எடுத்துக்கொண்டிருந்தாள். மாலையில் கண் கூசும் என்று அந்த அறையில் படுத்திருந்தவள் அவள். அன்று படுத்திருந்ததுதான் நல்லதாயிற்று. ஒன்றும் ஆகவில்லை. குழந்தை சிரித்துக்கொண்டே இறங்கி ஓடிவிட்டது. எனக்குக் கை நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆயிற்று. அந்த மாடலைத் தேர்ந்தெடுத்தவன் நான், மாட்டியவன் நான், பக்கத்தில் கட்டிலைப் போட்டவனும் நான்.

அன்றிரவு மறுபடி தேடினேன். இந்த முறை அழகைத் தேடவில்லை. 2009 டிசம்பரில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம், குழந்தைகள் கயிற்றில் சிக்கி இறந்த காரணத்தால், ரோமன் ஷேடுகளையும் சுருட்டு பிளைண்டுகளையும் சரிசெய்து தருவதற்காகத் திரும்ப அழைத்திருக்கிறது. சுமார் 5 கோடி. அதில் சொல்லப்பட்ட ஆபத்துகளில் ஒன்று நான் பார்த்த அதே ஆபத்து: இழுக்கிற கயிறு மட்டுமல்ல, துணிக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் போகிற உள்கயிறும். 2018 டிசம்பரிலிருந்து அங்கே கடையில் தயாராக விற்கிற பிளைண்டுகளுக்குக் கயிறே இருக்கக் கூடாது, இருந்தால் குழந்தை கைக்கு எட்டக் கூடாது என்று தரவிதி வந்திருக்கிறது.

கரந்துவரல் எழினி. ஒளிந்து வருவது. அதில் ஒளிந்திருப்பது துணி மட்டும் இல்லை, கயிறும்தான். மேடையிலும் ரோமிலும் பங்களாவிலும் அந்தக் கயிற்றைப் பிடிக்க ஒரு ஆள் இருந்தார். நம் வீட்டில் யாரும் பிடிக்காமல் அது சும்மா தொங்குகிறது. குழந்தை பிடித்துக்கொள்கிறது.

மறுநாள் காலை ஸ்குரூ டிரைவரை எடுத்து அதைக் கழற்றினேன். மகளிடம், "ஐந்தில் ஒன்றும் வேண்டாம்மா. மூன்றில் இரண்டாவது போதும்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. மாதவி அரங்கேற்றத்தைச் சொல்லி விளக்கினேன். "ஒரு கர்ட்டனுக்கு சிலப்பதிகாரமா அப்பா?" என்றாள். ஆனால் அவளும் அன்று சாயங்காலம் அந்தக் கயிற்றைப் பார்த்தவள். மறுபேச்சுப் பேசவில்லை. "துணி மட்டும் நான் எடுப்பேன்" என்றாள்.

இப்போது எங்கள் மேற்கு ஜன்னல் இப்படி இருக்கிறது. வெளியே, கண்ணாடியிலிருந்து ஓரடி தள்ளி, சன்ஷேடு அடியில் கொக்கி அடித்து ஒரு மூங்கில் தட்டி. அதைச் சுருட்டிக் கட்டுகிற கயிறு வெளிப்புறம், என் தலைக்கு மேல் உயரத்தில் ஒரு ஆணியில் சுற்றியிருக்கிறது. பகல் இரண்டு மணிக்கு இறக்குவேன், பொழுது சாய்ந்ததும் ஏற்றுவேன். கயிற்றைப் பிடிக்கிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். உள்ளே பொருமுக எழினி, வெள்ளைப் பருத்தி, இரண்டு பாதி, கையால் ஒதுக்குவது. கட்டிலை எதிர்ச்சுவர் பக்கம் நகர்த்தியாயிற்று. தட்டி போட்ட முதல் நாள் நாலு மணிக்குக் கண்ணாடியில் கையை வைத்துப் பார்த்தேன். அதற்கு முந்தின நாள் கை வைக்க முடியாதபடி சுட்டது, அன்று வெதுவெதுப்பாக இருந்தது. மனைவி முந்தானையைப் போடாமல் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கழற்றிய ரோமன் ஷேடைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. கயிறு, வளையம் எல்லாவற்றையும் உருவிவிட்டுத் துணியை மட்டும் மடித்து வைத்தேன். மனைவி அதைத் தையல் மெஷினுக்கு உறையாக்கிவிட்டாள்.

திரை வாங்கப் போகும் நண்பர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கடைக்காரர் மடிப்பைக் காட்டுவார். மடிப்பைப் பார்ப்பதற்கு முன், ஜன்னல் எந்தத் திசை என்று பாருங்கள். மேற்கென்றால் முதல் செலவை வெளியே செய்யுங்கள். வீட்டுக்குச் சின்னக் குழந்தைகள் வந்து போவார்கள் என்றால் துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். கயிறு இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

உங்கள் வீட்டில் பழைய நான்கு கதவு ஜன்னல் இன்னும் இருந்தால் அதை மாற்றிவிடாதீர்கள். மேல் கதவை மட்டும் திறந்து வைத்து ஒரு மத்தியானம் அதன் கீழே படுத்துப் பாருங்கள்.